ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ளே தேயாமல் பார்த்துக்கொள்வது எப்படி

காரைக்குடியில் எங்கள் ஷெட்டுக்கு வரும் ஆட்டோமேட்டிக் வண்டிகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பள்ளத்தூரிலோ தேவகோட்டையிலோ பெரிய வீட்டின் பின்கட்டில் மாதக்கணக்கில் நிற்பது. கல்யாணம், படைப்பு என்று வீட்டுக்காரர்கள் ஊருக்கு வரும்போது மட்டும் வெளியே வரும். இன்னொன்று, டர்போ என்ஜினுக்கு ரீமேப் போட்டு (என்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றிப் பலத்தைக் கூட்டுவது), திருமயம் ரோட்டில் இழுத்துப் பார்க்கிற இளவட்டங்களின் வண்டி. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டு பேரும் ஒரே புகாரோடுதான் வருவார்கள்: "அண்ணே, ஆர்பிஎம் ஏறுது, வண்டி ஏறமாட்டேங்குது." கியர்பாக்ஸ் பெட்டியைப் பிரித்தால் உள்ளே இருப்பதும் ஒன்றுதான், கருகிய கிளட்ச் பிளேட்.

அந்த நிலைக்கு வந்த பெட்டியைச் சரிசெய்ய ஆகும் செலவு சில நேரம் பழைய வண்டியின் விலையில் பாதியைத் தொட்டுவிடும். வராமல் தடுக்க ஆவதோ கொஞ்சம் ஆயில், கொஞ்சம் பொறுமை. முதல் முறை ஆட்டோமேட்டிக் வாங்கியவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கே தேய்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள்

'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே பெயரில் பல சாதிப் பெட்டிகள் இருக்கின்றன. ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் மட்டும் நமக்குப் பதில் ஒரு கருவி செய்கிறது. சிவிடியில் பெல்ட்டும் புல்லியும். டிசிடி அல்லது டிஎஸ்ஜியில் இரண்டு கிளட்ச். இங்கே நான் சொல்வது டார்க் கன்வெர்ட்டர், அதாவது என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம், உள்ள பெட்டியைப் பற்றி. மகிந்திரா தார், டொயோட்டா ஃபார்ச்சூனர் ஆட்டோமேட்டிக்கில் வரும் 6 கியர் பெட்டியும், பிஎம்டபிள்யூ வண்டிகளில் பரவலாக இருக்கும் இசட்எஃப் நிறுவனத்தின் 8 கியர் பெட்டியும் இந்த வகை. உங்களுடையது எது என்று கையேட்டில் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

இந்தப் பெட்டிக்குள் வட்ட வட்டமான பிளேட்டுகள் சில அடுக்குகளாக அடுக்கி வைத்தது போல இருக்கும். ஒன்று விட்டு ஒன்று வெறும் ஸ்டீல். இடையில் இருப்பது ஃப்ரிக்ஷன் பிளேட், அதன்மேல் காகிதம் மாதிரியான ஒரு பூச்சு ஒட்டியிருக்கும். அந்தப் பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஆயில் அழுத்தம் வந்து இந்த அடுக்கை இறுக்கினால் கியர் விழும், அழுத்தம் விலகினால் விடும்.

இறுகப் பிடித்திருக்கும் பிளேட் தேயாது. விட்டு விலகி நிற்கும் பிளேட்டும் கிட்டத்தட்ட தேயாது. விட்ட நிலையிலிருந்து பிடிக்கிற அந்த நேரம் இருக்கிறதே, அரை நொடி, சில நேரம் அதற்கும் குறைவு, தேய்மானம் அங்கேதான் நடக்கிறது. வழுக்கும்போது சூடு, சூட்டில் பூச்சு கருகல், கருகின பொடி ஆயிலில் கலப்பு. இனி நான் சொல்லும் ஒவ்வொரு வேலையும் அந்த அரை நொடி நீளாமல் இருக்கத்தான். ஏன் செய்கிறோம் என்று குழம்பினால் இந்த இடத்துக்குத் திரும்பி வாருங்கள்.

ஆயில்தான் பாதி கியர்பாக்ஸ்

ஏடிஎஃப் என்று சொல்லும் இந்த ஆயில் வெறும் வழுவழுப்புக்கு இல்லை. பிளேட்டை இறுக்கும் அழுத்தம், வால்வ் பாடி என்கிற மூளைக்குள் ஓடும் கட்டளை, சூட்டை வெளியே கொண்டுபோகும் வேலை எல்லாம் இதே ஆயில்தான். பிளேட் எவ்வளவு உரசலோடு பிடிக்க வேண்டும் என்பதும் ஆயிலில் கலந்திருக்கும் மருந்தைப் பொறுத்தது. அதனால் 'நல்ல பிராண்ட்' என்பது போதாது, உங்கள் பெட்டிக்குச் சொன்ன ரகமே வேண்டும். டெக்ஸ்ரான் 6 கேட்கும் பெட்டிக்கு அதுதான், டொயோட்டா டபிள்யூஎஸ் கேட்பதற்கு அதுதான்.

வெளியூர் ஷெட் ஒன்றில் "எல்லா வண்டிக்கும் ஒரே ஆயில்" என்று ஊற்றி அனுப்பிய வண்டி ஒன்று எங்களிடம் வந்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக ஆக்சிலரேட்டரை வைத்திருந்தால் போதும், வேகத்தடைக் கோடுகள் மேல் போவது போல ஒரு அதிர்வு. டார்க் கன்வெர்ட்டருக்குள், என்ஜினையும் பெட்டியையும் நேராகப் பூட்டிவிடும் லாக்கப் கிளட்ச் பிடித்தும் பிடிக்காமலும் தவிக்கும்போது வருகிற அதிர்வு அது. சரியான ஆயிலை மூன்று தடவை மாற்றி மாற்றி ஊற்றிய பிறகு நின்றது. இன்னும் ஆறு மாதம் அப்படியே ஓட்டியிருந்தால் ஆயில் மாற்றி மீட்டிருக்க முடியாது.

"இது ஆயுசுக்கும் மாற்ற வேண்டாத ஆயில்" என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். 8 கியர் பெட்டியைச் செய்கிற இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில், மாற்றச் சொல்கிறது. அது சாதாரண ஓட்டத்துக்கு. ரீமேப் போட்ட வண்டி, அடிக்கடி விரட்டுகிற வண்டி என்றால் நான் 40,000-லேயே மாற்றிவிடுவேன். ஓடாமல் நிற்கிற வண்டிக்குக் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், 4 அல்லது 5 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு லட்சத்தைத் தாண்டியும் ஒருமுறைகூட ஆயில் மாற்றாத பெட்டியில், மெஷின் வைத்து அழுத்தமாகக் கழுவ விடாதீர்கள். படிந்து கிடக்கும் அழுக்கு கிளம்பி வால்வ் பாடியின் நுண்ணிய வழிகளில் போய் அடைத்துக்கொள்ளும். இறக்கி ஊற்றுவதே நல்லது. ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு, புது ஆயில் மருந்து ஆகாது.

மாற்றும் நாள், விடியற்காலையில்

இந்த வேலையை நீங்களே செய்யாவிட்டாலும், செய்பவர் பக்கத்தில் நின்று பாருங்கள்.

வண்டியை நான்கு பக்கமும் சமமாகத் தூக்கி நிறுத்த வேண்டும். முன்பக்கம் மட்டும் ஜாக்கி போட்டால் அளவு தப்பும். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: ஆயில் ஊற்றும் போல்ட்டை முதலில் கழற்றிப் பாருங்கள். அது திருகவில்லை என்று, கீழே ஆயிலை முழுக்க இறக்கிய பிறகு தெரிந்தால் வண்டி அங்கேயேதான் நிற்கும்.

கீழே இறக்கினால் எல்லா ஆயிலும் வராது. டார்க் கன்வெர்ட்டருக்குள் நிறைய தங்கிவிடும். வந்ததை அளவு பாத்திரத்தில் பிடித்து எத்தனை லிட்டர் என்று எழுதிவையுங்கள். நிறைய கறுத்திருந்தால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை இறக்கி ஊற்றலாம். இசட்எஃப் 8 கியர் பெட்டி பலவற்றில் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தட்டு) பிளாஸ்டிக், ஃபில்டர் அதனோடு சேர்ந்தே வரும், முழுசாக மாற்ற வேண்டும். அதன் போல்ட்டுகளைக் கை பலத்தில் முறுக்காமல் டார்க் ரெஞ்சில் சொன்ன அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். பிளாஸ்டிக் சம்ப் வளைந்தால் கசிவு நிற்காது.

சம்ப்பைக் கழற்றியதும் அதன் அடியில் இருக்கும் காந்தத்தைப் பாருங்கள். என்னைப் பொறுத்தவரை வண்டியின் ஜாதகம் அதில்தான் இருக்கிறது. சாம்பல் நிறத்தில் மை போல ஒரு குழம்பு ஒட்டியிருக்கும். விரல் நுனியில் எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். கண்மை மாதிரி வழுவழுவென்று பரவினால் பயமில்லை, ஓடின வண்டிக்கு அது இருக்கத்தான் செய்யும். மணல் போல நறநறத்தாலோ, மீன் செதில் மாதிரி மினுங்கும் துண்டு விரலில் குத்தினாலோ உள்ளே பேரிங்கோ கியரோ போகத் தொடங்கிவிட்டது. அடுத்து ஆயிலை மோந்து பாருங்கள். வெள்ளைப் பணியாரம் சுட்ட எண்ணெயை வடிகட்டி வடிகட்டி மறுபடியும் அடுப்பில் ஏற்றினால் ஒரு காறல் வாசம் வருமே, அது மாதிரி வந்தால் பிளேட் கருகியிருக்கிறது. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், எல்லா ஏடிஎஃபும் சிவப்பாக இருக்காது.

இப்போது அளவு. புது வண்டிகள் பலவற்றில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சி கிடையாது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி எல்லா கியருக்கும் ஒருமுறை லீவரை நகர்த்தி, பி-யில் (பார்க்கிங்) வைத்து, ஊற்றும் துளையிலிருந்து ஆயில் மெல்லிசாக வழியும் வரை ஊற்ற வேண்டும். இதைக் குறிப்பிட்ட சூட்டில்தான் செய்ய வேண்டும். இசட்எஃப் 8 கியர் பெட்டிக்கு ஆயிலின் சூடு 30 முதல் 50 டிகிரிக்குள். மற்ற பெட்டிகளுக்குக் கையேட்டில் இருக்கும்.

நம் ஊரில் சித்திரை, வைகாசியில் மதியம் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும். வெயிலில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து ஊற்றும் போல்ட்டைத் திறப்பதற்குள் 50 தாண்டிவிடும். சூடான ஆயில் உப்பியிருக்கும், அளவு சரியாக இருப்பது போல வழிந்துவிடும், ஆறினதும் குறைந்துபோகும். ஒரு மே மாதம் அவசரப்பட்டு மதியத்தில் அளந்து ஒரு வண்டியை அனுப்பினேன். மேலூர் தாண்டி வளைவில் திரும்பும்போது இழுவை விட்டுவிட்டு வந்திருக்கிறது. மறுநாள் காலை 6 மணிக்கு வண்டியை வரவழைத்து அளந்தால் அரை லிட்டருக்கு மேல் குறைவு. தப்பு என்னுடையது என்று சொல்லி, கூலி வாங்காமல் சரிசெய்து கொடுத்தேன். அதிலிருந்து எங்கள் ஷெட்டில் இந்த வேலை விடியற்காலையில்தான். ஸ்கேனரில் ஆயில் சூட்டைப் பார்க்காமல் யார் அளந்தாலும் விடாதீர்கள்.

குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினால் கியர்கள் ஆயிலை அடித்து நுரையாக்கும். இரண்டிலும் ஆயிலில் காற்று கலக்கும். காற்று அமுங்கிக்கொடுக்கும், அழுத்தம் விழும், அந்த அரை நொடி முக்கால் நொடியாகும்.

சூடும் போர்வெல் தண்ணீரும்

சாதாரண ஓட்டத்தில் ஆயில் 80 முதல் 95 டிகிரிக்குள் இருக்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது ஷெட்டுகளில் வைத்திருக்கும் கணக்கு. 115-ஐத் தாண்டினால் உள்ளே வார்னிஷ் மாதிரி படியத் தொடங்கும், இன்னும் ஏறினால் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல்கள் கெட்டித்துப்போகும். ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சாக்கெட்) செருகும் சின்ன ஸ்கேனர் ஒன்றை வாங்கி, ஒரு வாரம் இந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். உங்கள் வண்டிக்கு எது வழக்கமான சூடு என்று பழகிவிடும்.

பல வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விப்பது ரேடியேட்டர் தண்ணீர்தான். இங்கேதான் நம் பக்கத்தில் ஒரு கெட்ட பழக்கம். கூலன்ட் குறைந்தால் வீட்டு போர்வெல் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள். குடத்தில் வெள்ளை வெள்ளையாய் உப்புப் படிகிறதே, அதே உப்பு கூலருக்குள்ளும் படியும். முதலில் சூடு இறங்காது, பிறகு கூலர் அரித்து ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால் கூலன்டும் கியர் ஆயிலும் கலந்து ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிடும். அந்த ரோஸ்மில்க்கைப் பார்த்துவிட்டால் என்ஜினை அணைத்துவிடுங்கள், பக்கத்து ஷெட் வரைகூட ஓட்ட வேண்டாம். பிளேட்டில் பூச்சை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் கரைத்துவிடும். கூலன்ட் குறைந்தால் சரியான ரகம், அவசரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர், அவ்வளவுதான்.

செம்மண் புழுதி ரேடியேட்டர் இடுக்கில் அப்பிக்கொள்ளும். வருடத்துக்கு இரண்டு முறை, தண்ணீரை மெதுவாக விட்டு, என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கழுவுங்கள். பிரஷர் வாஷ் வைத்தால் இடுக்குத் தகடு மடங்கிவிடும்.

நின்ற வண்டியை எடுக்கும்போது

மாதக்கணக்கில் நின்றால் ஆயில் மேலிருந்து வடிந்து சம்ப்பில் இறங்கிவிடும். கிளட்ச் அறைகளில் காற்று. ஸ்டார்ட் செய்த உடனே டி-யில் (டிரைவ்) போட்டு மிதித்தால் அழுத்தம் ஏறுவதற்கு முன்பே பிளேட் வேலை செய்ய வேண்டியிருக்கும். ஊருக்கு வந்த சந்தோஷத்தில் எல்லோரும் செய்வது இதைத்தான்.

முதலில் பானெட்டைத் திறந்து எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸின் மேலே ப்ரீதர் என்று ஒரு சின்ன மூச்சுத் துளை இருக்கும், எங்கே என்று மெக்கானிக்கிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். துளையைக் கண்டால் குளவி மண் வைத்துவிடும். அடைத்துக்கொண்டால் உள் அழுத்தம் சீலைத் தள்ளிக் கசியவைக்கும். பேட்டரி பலவீனமாக இருந்தால் முதலில் சார்ஜ். மின்சாரம் குறைந்தால் ஆயில் வழிகளைத் திறந்து மூடும் சொலினாய்டுகள் தாறுமாறாக நடந்துகொள்ளும்.

சரி, இப்போது ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். பிரேக்கை அழுத்தி மிதித்தபடி ஆர் (ரிவர்ஸ்), என் (நியூட்ரல்), டி என்று ஒவ்வொன்றிலும் ஐந்து நொடி வைத்து, இரண்டு தடவை போய் வாருங்கள். பிறகு மெதுவாக நகர்த்தி, முதல் பத்து நிமிடம் ஆக்சிலரேட்டரை இறகு போல மிதியுங்கள். வண்டியைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஆள் இருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிள்ளையார்பட்டி வரை போய்வரச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பதில் பயனில்லை, ஆயில் சூடேறாது.

வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுப் போங்கள். கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி கூட்டும்போது தாளில் ஒரு ரூபாய்க் காசு அளவு கறை பார்த்து, உடனே எங்களுக்குப் போன் செய்தார்கள். ஒரு சீலோடு போனது.

ஓட்டும் கை

வண்டி முழுசாக நின்ற பிறகே ஆரிலிருந்து டி-க்கும், டி-யிலிருந்து ஆருக்கும். நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி ஹேண்ட்பிரேக் போட்டு, அப்புறம் பி. சிக்னலில் ஒவ்வொரு தடவையும் என்-க்குத் தள்ள வேண்டாம், ஒவ்வொரு என்-டி மாற்றமும் பிளேட்டுக்கு ஒரு உரசல். ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் என்றால் தள்ளலாம். கொடைக்கானல் இறக்கத்தில் என்-ல் விட்டு மிதக்கவே கூடாது. ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்காமல் பிரேக்கில் நில்லுங்கள்.

பந்தய வண்டி போலக் கிளப்ப, பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் சேர்த்து மிதிப்பார்கள். அப்போது வண்டி நகராததால் என்ஜின் சக்தி முழுக்க டார்க் கன்வெர்ட்டரில் சூடாகிறது. மெக்கானிக் சோதனைக்காகச் செய்தால்கூட 5 நொடிக்கு மேல் வைக்கமாட்டார். என்-ல் உறுமிவிட்டு டி-யில் இறக்குவது இதைவிட மோசம். வேகத்தைப் பார்த்தே தீர வேண்டுமா, கோவை கரி ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை என்று களங்கள் இருக்கின்றன. அங்கே சில சுற்றுக்கு ஒருமுறை மெதுவாக ஒரு சுற்று விட்டு, சூட்டைப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். திருமயம் ரோட்டில் ஆடு மாடும் பள்ளிப் பிள்ளைகளும் குறுக்கே வருவார்கள்.

கண்மாய் மணலில் சிக்கினால் டி, ஆர், டி, ஆர் என்று ஆட்டி எடுக்காதீர்கள். நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லுங்கள்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடியின் பின்னாலேயே, நடை வேகத்தில் வண்டியை ஊர்ந்து விடுபவர்கள் உண்டு. அந்த வேகத்தில் லாக்கப் பிடிக்காது, ரேடியேட்டருக்குக் காற்றும் வராது. ஐந்து கிலோமீட்டர் முன்னால் போய் மரத்தடியில் அணைத்துவிட்டுக் காத்திருங்கள். நடந்து வருபவர்களுக்கும் புகை இல்லை.

ரீமேப் போடுவதற்கு முன்

பெட்டி எவ்வளவு டார்க் (என்ஜினின் சுழற்றும் பலம்) தாங்கும் என்று கேளுங்கள். இசட்எஃப் பெட்டிகளில் பெயரிலேயே குறிப்பு இருக்கும்: 8எச்பி70 என்றால் சுமார் 700 நியூட்டன் மீட்டர். என்ஜினுக்கு மட்டும் ரீமேப் போட்டு கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரைத் தொடாமல் விட்டால், பழைய அழுத்தத்தோடு புதிய பலத்தைப் பிடிக்க வேண்டியிருக்கும். வழுக்கும். கியர் மாறும் நொடியில் என்ஜின் தன் பலத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொடுக்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. 'இன்னும் வெடுக்கென்று மாறும்' என்று சிலர் அதை எடுத்துவிடுகிறார்கள். அது பிளேட்டைக் காப்பாற்ற வைத்தது, எடுக்க விடாதீர்கள்.

கூடுதல் ஆயில் கூலர் வைப்பதானால், காற்று நேராக வரும் இடத்தில், சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டோடு வையுங்கள். பெட்ரோல் ஹோஸை வெட்டிப் போட்டு கிளிப் மாட்டும் வேலை வேண்டாம், ஏடிஎஃபின் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் தாங்கும் ஹோஸ் தனியாகக் கிடைக்கும்.

உடனே நிறுத்த வேண்டிய நேரம்

டி-யில் போட்டபின் இரண்டு நொடிக்கு மேல் யோசித்துவிட்டுப் பிடிக்கிறது, கியர் மாறும்போது ஆர்பிஎம் துள்ளுகிறது, காறல் வாசம் வருகிறது, ஒரே கியரில் மாட்டிக்கொண்டு விளக்கு எரிகிறது. இதில் எது வந்தாலும் ஓரம் கட்டுங்கள். "வீடு வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டிய கடைசி இருபது கிலோமீட்டரில்தான் பல பெட்டிகள் முழுசாகப் போயிருக்கின்றன.

கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். உள்ளே ஆயிலைச் சுற்றவிடும் பம்ப் என்ஜினால்தான் ஓடுகிறது. என்ஜின் அணைந்து சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே எல்லாம் காய்ந்தபடி உரசும். நான்கு சக்கரத்தையும் தூக்கி ஏற்றும் லாரியைக் கூப்பிடுங்கள். காரைக்குடியில் அப்படி ஏற்றுபவர்கள் நம்பரை இன்றைக்கே விசாரித்து, கடைசியாக ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயிலின் ரகம், எத்தனை லிட்டர் என்பதையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி டாஷ்போர்டு பெட்டியில் வைத்துவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வண்டியை எடுப்பவருக்கும் அது தேவைப்படும்.